வேலைக்கு அழைப்பு வந்தால் விடை யாது?

சென்ற திங்கள் நம் சங்கத்து உபாசகர் ஒருவர் தம் மகனுடன் நம்மைக் காண வந்தார். ஐதராபாத்து மாதாப்பூரிலுள்ள கணினி நிறுவனமொன்று மகனுக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பி, மூன்று நாளில் விடை கேட்டிருந்தது. சென்னையில் வேறொரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வையும் அவர் முடித்திருந்தார். அதன் முடிவு தெரியப் பத்து நாளாகுமாம். "இப்போதைக்குச் சம்மதமென்று எழுதி வைக்கிறேன். சென்னை வேலை கிடைத்துவிட்டால் ஐதராபாத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் மகன். "இது பொய் ஆகாதா?" என்று நம்மைக் கேட்டார் தந்தை.

பஞ்சசீலத்தின் நான்காவது, பொய்யுரை தவிர்த்தல். வருவேன் என்று உண்மையாகவே எண்ணிச் சொன்ன ஒருவர், பிறகு தாய் நோயுற்றதால் வர இயலாமற் போனால் அவர் பொய்யரல்லர். சொல் தவறியவர், காரணத்தை உடனே அறிவிக்கக் கடமைப்பட்டவர், அவ்வளவே. மனத்தில் ஒரு நிபந்தனையை வைத்துக்கொண்டு, தாளில் நிபந்தனையின்றிக் கையெழுத்திடுபவரின் நிலை வேறு. அவருடைய பொய் கையெழுத்திட்ட அந்த நொடியிலேயே நிகழ்ந்துவிட்டது. சென்னை வேலை கிட்டாமல், சொன்னபடி ஐதராபாத்துக்கே சென்று சேர்ந்தாலும் அது பொய்யே. எனவே தந்தையின் ஐயம் நியாயமானதே.

வைசாலியில் நிகழ்ந்ததை நம் அன்பர்கள் அறிவர். அம்பபாலி என்னும் கணிகை, மறுநாள் சங்கத்தாருடன் தன் இல்லத்தில் உணவு கொள்ளுமாறு புத்த பகவானை வேண்டினாள். அவர் மௌனத்தால் இசைந்தார். திரும்பும் வழியில் அவளுடைய தேர் லிச்சவி இளவல்களின் தேர்களோடு உரசிற்று. செய்தி அறிந்த அவர்கள், நூறாயிரம் தருகிறோம், அவ்விருந்தை எங்களுக்கு விட்டுக்கொடு என்றனர். வைசாலியையே கொடுத்தாலும் இயலாதென்றாள் அவள். பின்னர் அவர்களே நேரில் சென்று பகவானை அழைத்தனர். நாட்டை ஆளும் குலத்தாரின் அழைப்பு அது. அவரோ இரண்டு விருந்தையும் எடைபோடவில்லை. அம்பபாலியின் அழைப்பை முன்னமே ஏற்றுவிட்டதை மட்டும் தெரிவித்தார். லிச்சவியரும் சினமின்றி வணங்கிச் சென்றனர். தெளிவான மறுப்பை உரிய நேரத்தில் பெற்றவர்களுக்குச் சினங்கொள்ளக் காரணம் இருப்பதில்லை போலும்.

அன்று மௌனம் சம்மதத்தின் அறிகுறி. அதன் பொருள் இருதரப்பாருக்கும் தெரிந்திருந்தது. இன்று நம் பிள்ளைகள் காக்கும் மௌனம் அத்தகையதன்று. கையெழுத்திட்டுவிட்டு, சேர வேண்டிய நாளில் தொலைபேசியை அணைத்து வைக்கும் மௌனம் இது. அந்த ஓரிடத்துக்காகப் பட்டியலில் அடுத்து நிற்பவர் யாரோ ஒரு தாயின் பிள்ளை. நம் தெருப் பிள்ளையாகவும் இருக்கலாம். நிறுவனத்துக்கு நேரும் இழப்பை விட இதுவே நம்மை அதிகமாக உறுத்துகிறது.

சட்டம் இங்கு எவ்வளவு துணை செய்யும்? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருத்தல் வேண்டும். 'சம்பளத்தைக் கூட்டினால் வருகிறேன்' என்பது ஏற்பாகாது. நம் ஏற்பு புறப்படும் முன் அழைத்தவரும் தம் அழைப்பைத் திரும்பப் பெறலாம். ஆகவே காலம் கேட்பதில் இடர் உண்டு. அதை மறைக்க மாட்டோம். ஏற்றபின் வராதவரை இழுத்துவந்து வேலை செய்ய வைக்க நீதிமன்றம் முற்படுவதில்லை. அந்த இடத்தில் நம்மைக் கட்டி நிறுத்துவது நம் சொல் ஒன்றுதான்.

அவ்விளைஞரை நோக்கி, "தம்பி, பத்து நாள் அவகாசம் கேட்டு எழுதலாமே?" என்றோம். "கேட்டால் கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்வார்களே" என்றார். அந்த அச்சம் அவருடையது மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாகக் கூலியை நீட்டிய கையைப் பார்த்தே வாழ்ந்த நமக்கு, கிடைத்ததை மறுபேச்சின்றி வாங்கிக்கொள்வதே பணிவென்று கற்பிக்கப்பட்டது. வேலைக் கடிதம் பிச்சையன்று. ஒருவர் விலை சொல்ல மற்றவர் யோசிக்கும் பேச்சு அது.

யோசிக்க வேண்டியவையும் உள்ளன. 1917-இல் பாபாசாகேப் அம்பேத்கர், தம் படிப்புக்கு உதவிய பரோடா சமஸ்தானத்துக்குக் கொடுத்த வாக்கின்படி அங்கே பணியேற்கச் சென்றார். பணி இருந்தது, படுக்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் தம்மை மறைத்துத் தங்கியவரைப் பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. மாதாப்பூருக்குப் போகிறவர் எங்கே தங்குவார்? அமீர்பேட்டை விடுதியிலா, செகந்திராபாத்துக் கண்டோன்மெண்டில் நெடுங்காலமாக வாழும் தமிழர் நடுவிலா? வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும்? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமென்று பத்திரம் கேட்கிறார்களா? இவற்றையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே கேட்டறிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் மூன்று நாள் போதாது.

நிறுவனங்கள் மட்டும் சொல் காக்கின்றனவா என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதே. 2023 பிப்ரவரியில் விப்ரோ நிறுவனம், ஆண்டுக்கு ஆறரை லட்சம் ரூபாய் என்று சொல்லித் தேர்ந்தெடுத்த புதியவர்களை மூன்றரை லட்சத்துக்கு வரச் சொன்னது. மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளுக்கு அது பேரிடி. ஆகவே எச்சரிக்கை தேவை. சேரும் நாள் எழுத்தில் வரும்வரை இருக்கும் வேலையை விடலாகாது என்பதே நம் கருத்து. ஆனால் எச்சரிக்கை ஒன்று, வஞ்சனை வேறொன்று. வலியவன் சொல் தவறினான் என்பது நமக்கு ஒரு படிப்பினை. நாம் பொய்யுரைக்க அது அனுமதிச்சீட்டு ஆகாது.

அவ்விளைஞர் பத்து நாள் கேட்டு எழுதினார். வேறோர் இடத்து முடிவுக்குக் காத்திருப்பதையும் ஒளிக்கவில்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டுமென நாம் வற்புறுத்தவில்லை, அவரே சொன்னார். ஐந்து நாள் தந்தார்கள். ஐந்தாம் நாள் மாலைவரை சென்னையிலிருந்து தகவல் இல்லை. இரவு ஐதராபாத்துக்குச் சம்மதம் தெரிவித்தார். அதன்பின், யாரும் கேளாமலே, சென்னை நிறுவனத்துக்கும் தம் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுமாறு எழுதினார். அந்தக் கடிதத்தை எழுதத்தான் நெடுநேரம் ஆயிற்று என்று தந்தை நம்மிடம் சொன்னார்.