காண்பதும் வினையாகுமா?

கொலை செய்யாதவன், புலால் உண்ணாதவன், பிற உயிர்க்கு ஊறு நினையாதவன் ஒருவன், பறவை காணச் செல்கிறான். கண்டு மகிழ்ந்து வீடு திரும்புகிறான். அவன் கையில் கல் இல்லை, கவண் இல்லை, வலை இல்லை. அவன் சென்று வந்ததனால் அப்பறவைக்கு ஏதேனும் நேர்ந்ததா என்று எவரும் அவனை வினவுவதில்லை. கண் எதனையும் தொடுவதில்லை. ஆதலின் காண்பதில் தீங்கில்லை என்பது உலகோர் துணிபு. இத்துணிபு எத்துணை உண்மையுடையது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு உடனடிக் காரணமும் ஒன்றுண்டு. கோடை விடுமுறை வந்தால் சங்கரன்கோவிலிலும் அதனை அடுத்த ஊர்களிலும் வாழும் நம்மில் சில குடும்பத்தார் கூடிப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வது வழக்கம். பெரும்பாலும் கழுகுமலையே போதுமானதாயிருந்தது. கோவில்பட்டிச் சாலையில் சிறிது தொலைவிலேயே அம்மலை உள்ளது. பாறையில் வரிசை வரிசையாக விளங்கும் தீர்த்தங்கரர் திருமேனிகளும், அவற்றின் அடியிலுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் எத்துணை முறை கண்டாலும் தெவிட்டாதவை. ஆயினும் பிள்ளைகள் இம்முறை உயிருள்ளவற்றைக் காணவேண்டும் என்றனர். நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்திற்குச் சென்று பறவைகளைக் காணலாம் என்றார் ஒருவர். வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் ஒருவரோ, "கோடையில் ஐஸ்லாந்துத் தீவிற்கு வாருங்கள், ஒரே பயணத்தில் கடற்பறவையும் காணலாம், திமிங்கிலமும் காணலாம்" என்று எழுதினார். நம்முள் மூத்தவர் ஒருவர், "அவை நம்மைக் காண விரும்புகின்றனவா என்று யாரேனும் கேட்டீர்களா?" என்றார். அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வினை வரும் வழிகளை நம் அறநூல்கள் நுணுக்கமாகப் பகுத்துள்ளன. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என்பன மூன்று. மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடும் இவற்றைக் கூட்டினால் ஒன்பது. இப்பகுப்பை ஏட்டில் படிக்கும்போது இத்துணை நுணுக்கம் தேவைதானா என்று தோன்றும். ஒரு திமிங்கிலப் படகில் அமர்ந்து பார்த்தால் தேவை விளங்கும். படகை ஓட்டுபவன் வேறொருவன். விலங்கை நோக்கித் திருப்புபவனும் அவனே. பயணி பலகையில் அமர்ந்திருப்பவன்தான். ஆனால் கட்டணம் அவனுடையது. "இன்னும் சற்று அருகே செல்லுங்கள்" என்ற சொல் அவனுடையது. அருகே சென்றதும் எழும் கைத்தட்டலும் அவனுடையது. செய்வித்தலும் உடன்படுதலும் இதைவிடத் தெளிவாக வேறெங்குக் கிடைக்கும்?

நமக்கு அண்மையிலேயே இதற்குச் சான்றுண்டு. இலங்கையின் தென்கரையில் மிரிஸ்ஸ என்னும் ஊரிலிருந்து நீலத் திமிங்கிலங்களைக் காட்டும் படகுத்தொழில், 2009இல் போர் முடிந்தபின் மிக விரைந்து வளர்ந்தது. இவ்வுலகில் வாழ்ந்த விலங்குகள் அனைத்திலும் பெரியது நீலத் திமிங்கிலம். ஒரு விலங்கு மூச்சுவிட மேலே வந்தால் பல படகுகள் ஒருங்கே அதனை நோக்கி விரையும் நிலை அங்கு ஏற்பட்டது. அதனைக் கட்டுப்படுத்த அந்நாட்டரசு 2012இல் விதிகளை வகுத்தது. 100 மீட்டருக்குள் நெருங்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. திமிங்கிலம் மீனன்று, நம்மைப்போல் நுரையீரலால் மூச்சுவிடுவது. நீர்மட்டத்திற்கு வந்து பலமுறை மூச்சு வாங்கிக்கொண்ட பின்னரே இரை தேடி ஆழத்திற்குச் செல்லும். அந்த இடைவேளையில் படகுகள் சூழ்ந்தால், மூச்சு நிறையுமுன்னரே அது மூழ்கிவிட நேரும். மேலும் அது கண்ணைவிடச் செவியால் வாழும் உயிர். நமக்குக் காட்சியாக அமையும் அந்த ஒரு மணி நேரம் அதற்கு எஞ்சின் இரைச்சலாகவே அமைகிறது. அப்பகுதியை ஒட்டிச் செல்லும் பன்னாட்டுக் கப்பல்களில் மோதி இறக்கும் திமிங்கிலங்களை எண்ணினால் சுற்றுலாப் படகின் தீங்கு சிறிதே. ஆயினும் சரக்குக் கப்பலின் மாலுமி, தான் உயிர்களின்மேல் கொண்ட அன்பினால் அங்கு வந்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை.

பறவை காண்போரிடமும் இதற்கு இணையான ஒன்று உண்டு. ஒரு பறவையின் குரலைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, புதரருகே நின்று ஒலிக்கச் செய்வர். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று எண்ணிய ஆண்பறவை கூட்டை விட்டுவிட்டு, இல்லாத பகைவனைத் தேடி வெளியே வரும். உடனே படம் எடுத்துக்கொள்வர். இதனைக் கொல்லாமை நோன்போடு மட்டும் பொருத்திப் பார்ப்பது போதாது என்பது நம் கருத்து. இது பொய்யாமைக்கும் உரிய செய்தி. மனிதரிடம் கூறினால் மட்டுமே பொய் பொய்யாகும் என்று எந்நூலும் வரையறுத்ததாக நாம் அறியோம். அப்பறவை நம்பிய மொழியிலேயே அதனிடம் பொய்யுரைக்கிறோம். அதுவும் ஒரு படத்திற்காக.

இனிக் கூந்தன்குளத்திற்கு வருவோம். 1994இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட இக்குளம், 2022இல் ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்றாகவும் அறியப்பட்டது. ஆனால் அரசாணைகளுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்துவந்தவர் அவ்வூரார். வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறைந்தால் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் அரிவாள்மூக்கன்களும் வந்து கூடு கட்டும். குளத்து மரங்களோடு நில்லாமல் ஊருக்குள் வீட்டுக் கொல்லைகளிலுள்ள மரங்களிலும் கட்டும். எச்சத்தின் வாடை வீசும், முற்றம் வெண்மையாகும். அதற்காக மரத்தை வெட்டியவர் இல்லை. பறவை வந்தால் அவ்வாண்டு ஊர் செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதில் பொருளும் உண்டு: எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு உரமாகிறது. பண்டிகை நாளிலும் அவ்வூரில் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர்களும் அங்குண்டு. (மீன் ஊட்டியது முறையா என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். நாரையை நாம் படைக்கவில்லை என்பதே நம் விடை.)

இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் கோடை முற்றுமுன் வடக்கே திரும்பிவிடும். ஆகவே விடுமுறையில் செல்லும் பிள்ளைகள் காண்பது பெரும்பாலும் குஞ்சுகளோடு கூடிய கூடுகளையே. அதுவே பறவை மிகவும் எளிதில் இடருறும் காலம். நண்பகல் வெயிலில் தாய்நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. நீரை வாயில் கொணர்ந்து அவற்றின்மேல் வார்க்கிறது. யாரோ கூட்டின் அருகே வந்ததால் தாய் எழுந்து பறந்துவிட்டால், அந்தச் சில நிமிடங்களில் வெயில் குஞ்சைத் தாக்கும். காக்கை முட்டையைக் கவரும். ஊரார் அன்றாடம் அம்மரத்தடியில் நடந்தாலும் நாரை அஞ்சுவதில்லை. புதியவர் ஒருவர் மரத்தை அண்ணாந்து நோக்கி நின்றால் எழுந்துவிடும். பறவைக்கு நடப்பவனும் நோக்குபவனும் வேறு வேறு. கண் எதனையும் தொடுவதில்லை என்ற துணிபு இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

மற்றொரு காட்சி நம் கடற்கரையிலேயே நிகழ்ந்தது. 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டிற்கும் இடைப்பட்ட கரையில் 80க்கும் மேற்பட்ட சிறு திமிங்கிலங்கள் ஒதுங்கின. அதே கரையோரத்தில் 1973 ஜனவரியிலும் அவ்வினத்தைச் சேர்ந்த 147 ஒதுங்கியதாகப் பதிவுண்டு. இவை தலைவனையும் சுற்றத்தையும் விட்டுப் பிரியாதவை. ஒன்று வழிதவறினால் மற்றவையும் பின்தொடரும். 2016இல் அச்செய்தி பரவியதும் பல ஊர்களிலிருந்தும் மக்கள் காணச் சென்றனர். கடலுக்குள் இறங்கி அவற்றைத் தள்ளியவர்களும் படகில் கட்டி ஆழத்திற்கு இழுத்துச் சென்றவர்களும் அப்பகுதி மீனவர்கள். தள்ளியவற்றுள் பல மீண்டும் கரைக்கே வந்தன. 40க்கும் மேற்பட்டவை இறந்தன. குழி தோண்டிப் புதைத்தனர்.

மீன்பிடித் தொழிலை நாம் மேற்கொள்வதில்லை. அதனைப் பற்றி உயர்வாகப் பேசுவதும் நம் வழக்கமன்று. ஆனால் அன்று நீரில் இறங்கி நின்றவர் கொல்லாமை நோன்பு கொண்டவரல்லர். வலை வீசிப் பிழைப்பவர். கரையில் நின்று கண்டவர்களுள் நோன்புடையோரும் இருந்திருக்கலாம். இருவருள் எவர் பார்வை தூயது? ஒரு தொழிலைக் கொண்டு ஒருவர் நெஞ்சை அளந்துவிடலாம் என்று எண்ணுவோர் இவ்வினாவிற்கு விடை கூறுதல் வேண்டும். ஐஸ்லாந்திலும் இதனையொத்த ஒன்று உண்டு. அத்தீவின் தென்பால் உள்ள வெஸ்ட்மன் தீவுகளில் பஃபின் என்னும் சிறு கடற்பறவை வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். கோடை முடிவில் கடலை நோக்கிப் பறக்கவேண்டிய குஞ்சுகள் ஊர் விளக்கொளியில் மயங்கித் தெருக்களில் விழும். அவ்வூர்ச் சிறுவர்கள் இரவெல்லாம் தேடி அவற்றை எடுத்து வைத்திருந்து, மறுநாள் கடலில் பறக்கவிடுவர். அதே பறவையை வேட்டையாடி உண்ணும் வழக்கமும் அத்தீவினர்க்கு நெடுநாளாக உண்டு.

திமிங்கிலத்தைப் பொறுத்தவரை அந்நாட்டின் நிலை இன்னும் சிக்கலானது. ரேக்யாவிக் நகரத்துப் பழைய துறைமுகத்தில் திமிங்கிலம் காட்டும் படகுகளும் திமிங்கிலம் கொல்லும் கப்பல்களும் அருகருகே கட்டப்பட்டிருப்பதைப் பலரும் கண்டு எழுதியுள்ளனர். 2022இல் 148 பெருந்திமிங்கிலங்களையும் 2023இல் 24ஐயும் அந்நாட்டார் கொன்றனர். 2024இல் ஒன்றையும் கொல்லவில்லை. ஆயினும் அவ்வாண்டின் இறுதியில் புதிய உரிமம் வழங்கப்பட்டது. காலையில் படகில் சென்று கண்ட பயணிகளே மாலையில் உணவு விடுதியில் அதன் இறைச்சியைச் சுவைத்துப் பார்க்கும் வழக்கமும் அங்குத் தோன்றியது. அதனைத் தடுக்கவே ஓர் இயக்கம் நடத்தவேண்டியதாயிற்று. சுற்றுலா வருமானம் பெருகினால் கொலைத்தொழில் தானே நின்றுவிடும் என்று சொல்வோர் உளர். அதில் உண்மை ஒரு பகுதி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் உயிருள்ள திமிங்கிலத்திற்கு விலை கூடியதால் அது பிழைக்குமாயின், விலை குறைந்த நாளில் அதன் கதி யாது?

இவ்வளவும் கூறியபின், பறவையையும் விலங்கையும் காணவே செல்லலாகாது என்பதுதான் முடிபோ என்று வாசகர் ஐயுறலாம். துறவியர் மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தே தங்குகின்றனர். புல்லும் புழுவும் பெருகும் காலத்தில் காலடி படாதிருக்கவேண்டும் என்பதே காரணம். நம் சுற்றுலாவோ உயிர்கள் பெருகும் காலத்தைத் தேடிச் செல்கிறது. இம்முரணை மறைப்பதற்கில்லை. ஆயினும் இல்லறத்தார்க்கு அவ்விதி அவ்வாறே பொருந்தாது. காணாத உயிருக்காக இரங்குவதும் எளிதன்று.

கழுகுமலையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. வலியால் துடிக்கும் மாட்டிற்கு இரக்கத்தோடு தந்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே, அம்மாடு இறந்தபின் அதனை உண்ட கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பது 2004இல் உறுதியாயிற்று. 2006இல் கால்நடைக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. கொன்றவர் மனத்தில் கொலை எண்ணம் சிறிதும் இல்லை, இரக்கமே இருந்தது. இத்தீங்கை வெளிப்படுத்தியவர் யார்? பரத்பூர் முதலிய இடங்களில் ஆண்டுதோறும் சென்று கழுகுக் கூடுகளைப் பார்த்து எண்ணியவர்களே. அவர்கள் காணாதிருந்தால், கழுகுகள் ஏன் மறைந்தன என்பது இன்றும் தெரியாமலே போயிருக்கும். மதுரையை அடுத்த அரிட்டாபட்டியும் அத்தகையதே. மகாவீரர் புடைப்புச் சிற்பமும் தமிழிக் கல்வெட்டும் விளங்கும் அம்மலைகளில் அரிய வல்லூறுகளும் வாழ்கின்றன. 2022இல் அரசு அதனைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024இல் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டபோது ஊர் ஊராக மக்கள் எதிர்த்தனர்; 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. தம் மலையில் என்ன உள்ளது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

எனவே காண்பது வினையே. நல்வினையாகவும் அமையலாம், தீவினையாகவும் அமையலாம். கண்டதை மறவாதவர், கண்டதற்காக ஏதேனும் விட்டுக்கொடுப்பவர் காட்சி ஒருவகை. கண்டதைக் கைக்கொண்டு திரும்பி, அடுத்த இடம் தேடுபவர் காட்சி வேறுவகை.

கூந்தன்குளப் பயணத்தைப் பொறுத்தவரை நம்மிடையே இசைவு ஏற்பட்டுவிட்டது. தை மாதத்தில் குளம் நிறைந்துள்ளதா என்று விசாரித்த பின்னரே நாள் குறிப்பது. குளம் வறண்ட ஆண்டில் செல்வதில்லை. விடியலில் சென்று, வெயில் ஏறுமுன் மரத்தடிகளை விட்டு அகன்றுவிடுவது. கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து தொலைநோக்கியால் காண்பது. பதிவுசெய்த குரலை எவரும் கொண்டுவரலாகாது. ஐஸ்லாந்துப் பயணம் பற்றி இன்னும் இரு கருத்தே நிலவுகிறது. இளைஞர் சிலர், விதிகளை மதித்து நடக்கும் படகைத் தேர்ந்து செல்லலாம் என்கின்றனர். நம் மூத்தவர், கரையிலிருந்தே காணத்தக்க இடம் ஏதேனும் அங்குண்டா என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். கடிதம் சென்றுள்ளது, மறுமொழி இன்னும் வரவில்லை.