மாடியறையில் காட்டிய ஆடைகள்
(ஓராண்டு நினைவுத் திருப்பலி மறையுரை, வாசகம்: திருத்தூதர் பணிகள் 9:36-42)



நாம் கேட்ட வாசகத்தில் வரும் யோப்பா, நம் ஊரைப் போலவே ஒரு கடற்கரை ஊர். அங்கே தபித்தா என்ற பெண் சீடர் நோயுற்று இறந்துபோகிறார். உடலைக் குளிப்பாட்டி மாடியறையில் கிடத்தியிருக்கிறார்கள். அருகிலுள்ள லித்தாவிலிருந்து பேதுரு வந்து சேர்ந்ததும், கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அழுகிறார்கள். அழுதபடியே, தபித்தா தங்களுக்குச் செய்துகொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய சான்று பேதுருவுக்குத் தேவைப்படவில்லை.

இறந்தோரை நினைவுகூர நாம் இந்தப் பெண்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அடக்கத் திருப்பலியின் மறையுரை வெறும் புகழுரையாகிவிடக் கூடாது என்கிறது திருச்சபை. அதை மனத்தில் கொண்டு, என் அத்தைப்பாட்டியின் கைகள் வழியாகக் கடவுள் நமக்குத் தந்ததை மட்டும் இன்று எடுத்துக் காட்டுகிறேன்.

அவர் என் தாத்தாவின் தங்கை. மணமான சில மாதங்களிலேயே கணவரைக் கடல் கொண்டுபோயிற்று. பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவர், அங்கேயே இருந்து அண்ணன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தார்.

தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளுவார். அள்ளும்போதே உதடு அசையும். ஒரு பிடிக்கு ஒரு அருள்நிறை மரியே. அந்த அரிசி மாடத்தில் இருந்த பழைய பிஸ்கட் டின்னுக்குள் போகும். புயல் எச்சரிக்கையால் வள்ளங்கள் கரையில் கிடக்கும் நாட்களில் எங்கள் வீட்டிலும் அரிசிக்குத் தட்டுப்பாடுதான். அப்போதும் முதல் பிடி டின்னுக்கே. டின் நிறைந்ததும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவார். யார் வீட்டுக்கு என்று கேட்டால், "வாங்குறவுக பேரு நமக்கு எதுக்குய்யா? ஆண்டவருக்குத் தெரியும்லா" என்பார்.

அந்தப் பேர்களில் ஒன்று அவர் அடக்கத்தன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. பெட்டியருகே நின்ற ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கையாக் கிடந்தப்ப எங்க அடுப்பு எரிஞ்சது இவுகளாலதான் சாமி" என்றார். யோப்பாவின் மாடியறை அன்று எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்தது.

பிள்ளை இல்லாதவருக்குப் பேர் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று ஊர் கேட்கும். தபித்தாவுக்குக் கணவர் இருந்தாரா, பிள்ளைகள் இருந்தார்களா என்பது பற்றி, இந்த நூலை எழுதிய லூக்கா ஒன்றுமே எழுதவில்லை. ஆனாலும் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாகத் திருச்சபை அவர் பேரைச் சொல்லிவருகிறது. திருமுழுக்கு நமக்குத் தரும் குடும்பம் இரத்த உறவோடு முடிந்துவிடுவதில்லை. இந்தப் பங்கில் பல பிள்ளைகளுக்கு என் அத்தைப்பாட்டி ஞானத்தாய். நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு, தோளிலிருந்து தோளுக்கு என்று அவர்கள் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்தவர். இந்தப் பீடத்தில் அப்பத்தை ஏந்தும் என் கையும் அவர் பிடித்துப் பழக்கிய கைதான்.

பேதுரு முழந்தாளிட்டு வேண்டினார், தபித்தா எழுந்தார். நம்மவர்கள் அப்படி எழவில்லையே என்று உங்களில் சிலர் நெஞ்சுக்குள் கேட்கலாம். அன்புக்குரியவர்களே, தபித்தாவும் பிறகு ஒருநாள் இறந்திருப்பார். இனி ஒருபோதும் சாகாத வாழ்வைக் கிறிஸ்து தம் உயிர்ப்பால் நமக்குத் திறந்துவைத்தார்; யோப்பாவில் நடந்தது அதற்கு ஓர் அடையாளம். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் நாம் இறந்தோருக்காக மன்றாடுகிறோம். போரில் மடிந்தோரின் பாவம் நீங்கப் பலி ஒப்புக்கொடுக்கும்படி யூதா மக்கபே 2,000 வெள்ளித் திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூல் சொல்கிறது. அவர் அப்படிச் செய்தது, இறந்தோர் உயிர்த்தெழுவர் என்று நம்பியதால். நவம்பர் 2 அன்று கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும்போது நாமும் அதே நம்பிக்கையைத்தான் அறிக்கையிடுகிறோம்.

ஆனால் உயிரோடு இருப்பவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தி, சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை அதற்கு ஒதுக்கினார். பேரப்பிள்ளைகள் இல்லாத முதியோருக்கும் அந்த நாள் உரியது. உங்கள் வீட்டிலும் மணமாகாத ஓர் அத்தையோ, கைம்பெண்ணான ஒரு பெரியம்மாவோ இருப்பார். இன்று அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். மருந்துக் கடைக்குப் போகும்போது அவருடைய சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொன்ன கதையையே திரும்பச் சொன்னாலும் பொறுமையாகக் கேளுங்கள்; அவர் வழியாகத்தான் உங்கள் வீட்டுக்குள் விசுவாசம் வந்திருக்கும்.

நாளை உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் அன்பியத்தில் அதைச் சேர்த்து, வேலைக்குப் போக முடியாமல் படுத்திருப்பவர் வீட்டுக்குக் கொடுங்கள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

இரக்கமுள்ள தந்தை என் அத்தைப்பாட்டியின் குறைகளைப் பொறுத்து, தம் பந்தியில் அவருக்கு இடம் தருவாராக. அவர் காட்டிய அன்பை நம் கைகளிலும் தொடர்வாராக. ஆமென்.