தாதியின் தளர்ச்சி

பிணி தீர்க்கும் தொழிலை நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்று நான்காக வகுத்தார் வள்ளுவர். அந்நான்காமவரிடம் அறிவும் சாமர்த்தியமும் தூய்மையும், அவற்றோடு அன்பும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது சரக சம்ஹிதை. அந்த அன்பு வற்றிப்போகுமாயின் அதற்கு உத்தரவாதி யார்?

வல்வெட்டித்துறையில் நோய் கடுத்தவரை ஊறணி வைத்தியசாலைக்கும், அங்கே இயலாதபோது மந்திகையிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்லும் சுற்றத்தார், நள்ளிரவில் 'மிஸ்ஸி' என்று அழைத்தவுடன் ஒருத்தி ஓடிவருவாள் என்ற நம்பிக்கையோடுதான் செல்கின்றனர். எந்த வைத்தியசாலையிலாயினும், அவள் பகல் முறையை முடித்து, மாற்றுக்கு ஆளில்லாமையால் இரவு முறையையும் ஏற்றவளாக இருக்கலாம் என்பதை நினைப்போர் அரியர். அவள் வாயினின்று ஒரு கடுஞ்சொல் வந்துவிட்டாலோ, 'சேவை மனப்பான்மை அற்றுப்போயிற்று' என்ற தீர்ப்பு உடனே பிறக்கும்.

இத்தீர்ப்பு அவசரமானது. உள்ளம் வற்றுதல், நோயாளியைக் கட்டில் இலக்கமாகக் காணுதல், தன் உழைப்பால் ஒரு பயனுமில்லை என்று எண்ணுதல் ஆகிய மூன்றையும் இத்தளர்ச்சியின் இலக்கணங்களாக 1981இல் வகுத்தார் கிறிஸ்தினா மாஸ்லாக் என்னும் உளவியலறிஞர். உலக சுகாதார ஸ்தாபனமோ, 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில், இதைத் தொழிலிடத்தில் விளையும் நிலையென்றே குறித்தது. அங்கே விளைவதைத் தாதியின் சுபாவத்திலே தேடுவது நியாயமாகாது. அதுவுமன்றி, கடமையை வெறும் கூலியாகக் கருதுபவளுக்கு மனம் உடைவதற்கு அதிகக் காரணமில்லை. செய்யவேண்டியது இன்னதென்று அறிந்தும் அதைச் செய்ய நேரமும் துணையும் கிடைக்கப்பெறாதவளே உடைகிறாள்.

இலங்கையின் வடபுலத்தில், உத்தரவாதி யார் என்ற இவ்வினா மேலும் சிக்கலானது. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் நாட்களில் யாழ்ப்பாண வைத்தியசாலையினுள் இந்திய அமைதிப்படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளரோடு வைத்தியரும் தாதியரும் மாண்டனர். பணியிடத்தை விட்டு அகலாத அவர்களை வணங்குவது தகும். ஆயினும், ஆபத்துக் காலத்துத் தியாகத்தைச் சாதாரண நாளின் அளவுகோலாக்கி, ஆட்பற்றாக்குறையை அதனால் மூடிவிடுவது மாண்டாருக்கே செய்யும் அபசாரம். 1938இல் அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை செலுத்திய மாலுமிகளின் ஊரான வல்வெட்டித்துறைக்கு இதை விளக்கவும் வேண்டுமோ! சுக்கான் பிடித்தவனை முறைப்படி மாற்றுவது, கப்பல் கரைசேர வேண்டும் என்பதற்காகவே.

அப்படியாயின், தளர்ந்த தாதி நோயாளியிடம் கடுமை காட்டலாமா? கூடாது, வலியில் துடிப்பவர் அவள் சோர்வுக்குக் காரணரல்லர். ஆனால் 'இன்னொரு முறையை என்னால் ஏற்க இயலாது' என்று மேலதிகாரியிடம் உரைப்பது, கொடுக்கும் மருந்தின் அளவு பிசகலாகாது என்னும் அவளது தொழில் தர்மமே கட்டளையிடும் காரியம். ஆட்பற்றாக்குறைக்கு இன்னொரு வாயிலும் உண்டு: 2022இல், அந்நியச் செலாவணி வேண்டி, அரச ஊழியர் ஐந்தாண்டுவரை ஊதியமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல இலங்கை அரசு அனுமதித்தது. அவ்வாறு புறப்படும் தாதியைப் பழிப்பது எளிது. எஞ்சியிருப்பவரின் முறைப்பட்டியலில் அவளது இடத்தை யார் நிரப்புவது என்று கேட்பதே, அனுமதித்தவர்கள் முதலில் செய்திருக்க வேண்டிய காரியம்.