கடனில்லாத பந்தி



இந்த மாதம் உங்களோடு சமையலைப் பற்றிப் பேசும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார். சிரிக்காதீங்க! கல்யாணம், குழந்தைப் பிரதிஷ்டை, வீட்டுப் பிரதிஷ்டை, அன்பின் விருந்து என்று வருஷம் முழுக்க நம் ஜனங்கள் பந்தி போடுகிறார்கள். வியாதி வந்தால் முழங்கால் போடுகிறோம். பிள்ளைக்கு வேலை வேண்டுமென்றால் உபவாசம் இருக்கிறோம். விருந்து என்று வந்தால் மட்டும் நேராக வட்டிக்காரர் வீட்டு வாசலுக்குப் போகிறோம். இது ஏன்?

இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தை எடுத்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அது கடனில் ஆரம்பித்துப் பந்தியில் முடிகிறது. முதலில் ஒரு விதவை வருகிறாள். தேவனுக்குப் பயந்த தீர்க்கதரிசியின் மனைவி. புருஷன் செத்துப்போனான், கடன் சாகவில்லை. கடன் கொடுத்தவன் அவள் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போக வந்து நிற்கிறான். எலிசா அவளிடம் முதலாவது விசாரித்தது என்ன? வீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான். இருந்தது ஒரு குடத்தில் கொஞ்சம் எண்ணெய். பிறகு அக்கம்பக்கத்தில் போய்க் கேட்டு வாங்கச் சொன்னார். எதை? வெறும் பாத்திரங்களை! பணத்தை இரவல் வாங்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். எண்ணெய் பெருகினது. அதை விற்று முதலாவது கடனைத் தீர்க்கச் சொன்னார். மீதியில் பிள்ளைகளோடு ஜீவனம் பண்ணச் சொன்னார்.

அதே அதிகாரத்தின் கடைசியில் ஒரு மனுஷன் 20 வாற்கோதுமை அப்பங்களைக் கொண்டுவருகிறான். சாப்பிட 100 பேர் இருக்கிறார்கள். இது எப்படிப் போதும் என்று பணிவிடைக்காரன் திகைக்கிறான். நம் வீட்டுச் சமையல்கட்டில் கேட்கிற அதே கேள்விதான். ஆனாலும் பரிமாறினார்கள், சாப்பிட்டார்கள், மீதியும் இருந்தது. ஸ்தோத்திரம்!

நம் ஆண்டவரும் அதே வழியில் நடந்தார். யோவான் 6ஆம் அதிகாரத்தில் பிலிப்பு பட்ஜெட் போடுகிறான். 200 பணத்துக்கு அப்பம் வாங்கினாலும் ஆளுக்குக் கொஞ்சம்கூட வராது என்கிறான். மத்தேயு 20ஆம் அதிகாரத்தின்படி ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. அப்படியானால் 200 நாள் கூலி. அந்தப் பணத்தை எங்காவது புரட்டிக்கொண்டு வா என்று ஆண்டவர் சொல்லவில்லை. இருக்கிற அப்பத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னார் என்று மாற்கு எழுதுகிறார். ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன். வாற்கோதுமை அந்த நாட்டில் ஏழைகளின் தானியம், நம்ம ஊர் கேழ்வரகு, கம்பு மாதிரி. அந்த ஏழைச் சாப்பாட்டைக் கையில் எடுத்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, அதற்காக ஸ்தோத்திரம் பண்ணினார். 'இதையா பந்தியில வைக்கிறது?' என்று அவர் வெட்கப்படவில்லை.

அதற்கு முன்னே இன்னொன்று செய்தார். நூறு நூறு பேராக, ஐம்பது ஐம்பது பேராகப் பந்தி பந்தியாக உட்கார வைத்தார். ஆண்கள் மாத்திரம் 5,000 பேர். முண்டியடித்தால் பலசாலிக்கு இரண்டு பங்கு, கிழவிக்கு ஒன்றுமில்லை. வரிசை இருந்ததால் எல்லாரும் திருப்தியானார்கள். கடைசியில் துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார், 12 கூடை நிறைந்தது. அற்புதம் செய்கிறவர் மிச்சத்தையும் வீணாக்கவில்லை!

செஞ்சியில் வாழ்கிற நமக்கு இது புரிய வேண்டும். நம் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்க்கிறவர்கள், பக்கத்தில் இருக்கிற களஞ்சியத்தையும் பார்க்க வேண்டும். கட்டினவர்கள் மகாலோடு நிறுத்தவில்லை, நெல்லுக்கும் இடம் கட்டினார்கள். 1690இல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையை முற்றுகை போட்டார். பெரிய சேனை, பீரங்கிகள். ஆனால் 1692 கடைசியில் மராத்தியர் வந்து உணவு வரும் வழிகளை அடைத்தபோது, வளைத்துக்கொண்டவர்களே பட்டினி கிடந்தார்கள். 1693 ஜனவரியில் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். கோட்டை 1698இல்தான் அவர்கள் கைக்கு வந்தது. கூட்டமும் ஆடம்பரமும் எவ்வளவு இருந்தாலும், தானியக் கணக்கு தவறினால் சேனைகூட நிற்காது. நம் குடும்பம் எம்மாத்திரம்?

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயும் தகப்பனும் ஜெபத்துக்காக என்னிடத்தில் வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம், 300 பேர் வருவார்கள். "ஐயா, அம்பதாயிரம் கேட்டிருக்கோம். நூத்துக்கு மூணு வட்டி. கெடைக்கணும்னு ஜெபம் பண்ணுங்க" என்றார் அந்தத் தகப்பன். "எதுக்கும்மா இவ்வளவு?" என்று அந்தத் தாயைக் கேட்டேன். "பிரியாணிக்குத்தான் ஐயா. சாம்பார் சோறு போட்டா சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாங்க?" என்று கண் கலங்கினார்கள்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். மாசம் 1,500 ரூபாய் வட்டி. வருஷத்துக்கு 18,000. அத்தனையும் கட்டினபிறகும் முதல் ஐம்பதாயிரம் அப்படியே நிற்கும். ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்காக! இலை எடுத்த அன்றைக்கே விருந்தாளிகள் மறந்துவிடுவார்கள். வட்டி மறக்குமா? அந்தக் கடன் கிடைக்கும்படி ஜெபிக்க என் நாவு எழும்பவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று காட்டும்படி மூவரும் ஜெபித்தோம். பிறகு பேப்பரும் பேனாவும் எடுத்தோம்.

ஆளுக்கு சுமார் 120 கிராம் அரிசி என்று வைத்தால் 300 பேருக்கு ஏறக்குறைய 36 கிலோ. அவர்கள் நிலத்து அரிசியே வீட்டில் இருந்தது! சாம்பாருக்கு 100 பேருக்கு 3 கிலோ துவரம்பருப்பு, ஆக 9 கிலோ. கத்தரிக்காயும் பூசணியும் தாய்மாமன் தோட்டத்திலிருந்து. ரசம், மோர், அப்பளம், சேமியா பாயசம், ஆளுக்கு ஒரு முட்டை. பிரியாணி என்றால் கிலோவுக்கு 8 பேர் வீதம் 38 கிலோ அரிசியும் அதே அளவு கறியும் வேண்டும். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டு விலை கேட்டவர்களுக்கு அந்தச் செலவு தெரியும். அண்டா, கரண்டி, ஜமுக்காளம் எல்லாம் சபையிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்தது. விதவை பாத்திரம் வாங்கின மாதிரியே! காய் நறுக்க சகோதரிகள், பரிமாற வாலிபர்கள். கல்யாணம் நடந்தது, எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள், ஒரு ரூபாய் வட்டியில்லை. அல்லேலூயா!

"இது விசுவாசக் குறைவில்லையா ஐயா? தேவன் பெரியவராச்சே!" என்று சிலர் கேட்கலாம். விசுவாச வீரர் ஜார்ஜ் முல்லரைப் பாருங்கள். 1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பட்டணத்தில் வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்தார். 1870க்குள் ஐந்து பெரிய கட்டடங்கள், 2,000 பிள்ளைகளுக்கு மேல் தங்க இடம். மனுஷரிடம் கையேந்தாமல் ஜெபத்தினாலே போஷித்தவர். ஆனால் வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி வெளியிட்டார், கடன் வாங்குவதில்லை என்று தீர்மானித்து நடந்தார். அவரிடம் ஜெபமும் கணக்கு நோட்டும் சேர்ந்தே இருந்தன.

நம் நாட்டிலும் பெரிய பந்திகள் சின்னக் கணக்கில்தான் ஆரம்பித்தன. 1920இல் பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானித்தபோது, பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை வைத்தது. 1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது அரசு ஒரு பங்கும் ஊர் ஜனங்கள் ஒரு பங்கும் கொடுத்தார்கள். ஓர் அணாதானே என்று யாரும் தொடங்காமல் விட்டிருந்தால், எத்தனை பிள்ளைகள் பசியோடே படிப்பை விட்டிருப்பார்கள்!

இப்போது சபையாகிய நமக்கு ஒரு வார்த்தை. இது கொஞ்சம் சுடும். அந்தத் தாயைக் கடனுக்குத் துரத்தினது யார்? வறுமை மாத்திரமா? 'என்னங்க, கறி இல்லையா?' என்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற நாவுகளும்தான். கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் மிஞ்சிச் சாப்பிட்டான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்று பவுல் கண்டித்தார் (1 கொரிந்தியர் 11). ஏழை வீட்டு இலையைக் குறை சொல்லுகிறவன் அந்த வீட்டின்மேல் வட்டியை ஏற்றுகிறான். கானா ஊரில் ரசம் குறைந்தபோது மரியாள் அதை ஊருக்குச் சொல்லவில்லை, இயேசுவினிடத்தில் சொன்னாள். நீங்களும் குறையைக் கண்டால் ஜெபியுங்கள். முடிந்தால் ஒரு படி அரிசியைக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வாருங்கள்.

வசதியுள்ளவர்களே, நீங்களும் கேளுங்கள். உங்களால் கறி விருந்து போட முடியும், போடுங்கள். ஆனால் லூக்கா 14இல் ஆண்டவர் சொன்ன விருந்தாளிப் பட்டியலைப் பாருங்கள். ஏழைகள், ஊனர், சப்பாணிகள், குருடர். திருப்பி அழைக்க முடியாதவர்கள்! உங்கள் பந்தியில் அவர்களுக்கு ஓர் இலை உண்டா? மிஞ்சின சோற்றை மறுநாள் குப்பையில் கொட்டுகிறவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் சாம்பார் சோறு சாயங்காலம் தாங்காது. முதல் பந்தி முடியும்போதே மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். சூடாக இருக்கும்போதே வர முடியாத பெரியவர்கள் வீட்டுக்குத் தூக்கில் கொடுத்தனுப்புங்கள். அதுவே உங்கள் 12 கூடை.

பிரியமானவர்களே, ஏற்கெனவே விருந்துக் கடனில் மாட்டிக்கொண்டிருக்கிறவர்கள் உங்களில் உண்டு. பயப்படாதிருங்கள். அந்த விதவையின் தேவன் மாறவில்லை. மறைக்காமல் வந்து சொல்லுங்கள், சேர்ந்து ஜெபிப்போம், சேர்ந்து கணக்கும் பார்ப்போம். அடுத்த விசேஷத்துக்கு நாள் குறித்திருக்கிறவர்கள் வட்டிக்காரர் வீட்டுக்குப் புறப்படுமுன், வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதி, அந்தச் சீட்டின்மேல் கை வைத்து ஸ்தோத்திரம் பண்ணுங்கள். கொஞ்சத்தை ஆசீர்வதிக்கிற கர்த்தர் உங்கள் பந்தியையும் நிரப்புவாராக. உங்கள் பிள்ளைகள் ஒருவருக்கும் கடன்படாதவர்களாய் எழும்புவார்களாக. ஆமென்!