மறந்துபோகும் மகிழ்ச்சியும் மகிழ்ச்சிதானா?

உயிர்த்த ஞாயிறு நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சும் கூடவே எழும். "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்வருவோமே!" நாற்பது நாள் தவம் முடிந்தது. பெரிய வெள்ளியின் துக்கம் கழிந்தது. திருவிழிப்பின் மெழுகுதிரி ஒளியில் அல்லேலூயா பாடியாயிற்று. சித்திரைப் புத்தாண்டும் பெரும்பாலும் இதே நாட்களை அண்டி வருவதால் ஊரெங்கும் விடுமுறைக் களிப்பு. வேம்பு பூத்துச் சொரியும் காலம் அது. சோளகக் காற்று எழும்புமுன் கடல் அடங்கிக் கிடக்கும் காலமும் அதுவே. யாழ்ப்பாணத்தவர் பலருக்கு அப்போது முதலில் நினைவுக்கு வருவது சாட்டிக் கடற்கரை.

பண்ணைப் பாலத்தில் ஏறி, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாகச் சென்றால் வேலணைத் தீவின் கரையில் சாட்டி. அங்கே மணல் உண்டு, குளிப்பதற்குக் கடல் உண்டு, கடற்பயணம் செய்வோரைக் காக்கும் சிந்தாத்திரை மாதாவின் திருத்தலமும் உண்டு. மாதாவிடம் ஒரு செபம், பிறகு கடற்குளிப்பு, பிறகு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோறு. ஏழையும் செல்வரும் செலவைப் பாராமல் அனுபவிக்கக்கூடிய எளிய இன்பம் இது.

எங்கள் வீட்டில் இந்தப் பயணம் ஒரு கேள்வியில் வந்து முட்டியது. பேத்திக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. "வானும் பிடித்து, வெய்யிலுக்குள் இந்தச் சின்னனையும் தூக்கிக்கொண்டு போய் என்ன காணப்போறியள்? அவளுக்கு இதில் ஒன்றும் ஞாபகம் இருக்கப்போறதில்லை. வளர்ந்தாப்பிறகு கூட்டிக்கொண்டு போகலாம்தானே!" என்றார் வீட்டில் மூத்த பெரியம்மா. அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மகளும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கும் உடனே விடை வரவில்லை.

அன்புள்ள வாசகர்களே, இது பயணச் செலவைப் பற்றிய கேள்விபோலத் தோன்றினாலும் உண்மையில் அதனிலும் பெரிய கேள்வி. நினைவில் நில்லாத மகிழ்ச்சிக்கு மதிப்பு உண்டா? ஒருவர் முற்றாக மறந்துவிடப் போகும் நன்மையை அவருக்குச் செய்வதில் பொருள் உண்டா?

இக்கேள்வியை நமக்கு முன்னரே ஒரு மாமேதை தொட்டிருக்கிறார். வட ஆபிரிக்காவில் பிறந்த புனித அகுஸ்தீன் (354–430) தம் வாழ்வை இறைவன் முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் தொடக்கத்திலேயே தமது குழந்தைப் பருவத்தைத் தேடுகிறார். தேடினால் அகப்படவில்லை. தாம் பால் குடித்ததும், அழுததும், சிரித்ததும் பிறர் சொல்லியே தமக்குத் தெரியும் என்கிறார். மற்றக் குழந்தைகளைப் பார்த்துத் தாமும் இப்படித்தான் இருந்திருப்பேன் என்று ஊகிக்கிறார். இவ்வளவு இருண்டு போன அந்தப் பருவத்தைத் தம் வாழ்நாளோடு சேர்த்துக் கணக்கிடவே அவருக்கு மனம் வரவில்லை. நினைவிருந்தால்தான் அது என் வாழ்க்கை என்னும் எண்ணம் அவ்வளவு வலியது. பெரியம்மாவின் பேச்சுக்கு இப்படியொரு துணை இருக்கிறதென்று அவருக்கே தெரியாது.

இக்கால ஆய்வாளரும் மறதியை மறுக்கவில்லை. மூன்று அல்லது மூன்றரை வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர்க்கு நினைவில் இருப்பதில்லை. ஆனால் மறக்கிறோம் என்றால் மனத்தில் ஒன்றுமே பதியவில்லை என்று பொருளா? 2025 மார்ச்சில் 'சயன்ஸ்' என்னும் ஆய்விதழில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 4 மாதம் முதல் 25 மாதம் வரை வயதுள்ள 26 குழந்தைகளுக்குப் படங்களைக் காட்டி, அவ்வேளையில் அவர்களுடைய மூளை இயங்கும் விதத்தைக் கருவியால் பார்த்தார்கள். ஏறத்தாழ ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளிடத்தில், பெரியவர்களுக்கு நினைவைப் பதித்துவைக்கும் அதே மூளைப்பகுதி தன் வேலையைச் செய்வது தெரிந்தது. எழுதப்பட்டது அழிந்துபோகிறதா, அல்லது பூட்டிய பெட்டிக்குள் கிடந்தும் திறக்க முடியாமல் போகிறதா என்பது இன்னும் தீராத வினா. எழுத்தே விழவில்லை என்று மட்டும் இனிச் சொல்வதற்கில்லை.

இதைச் சாட்டியின் நிலமே நமக்கு விளக்கும். நாற்புறமும் உப்புக்கடல். ஆயினும் சாட்டி மணலில் தோண்டிய கிணறுகளில் நன்னீர். மாரிகாலத்து மழை மணலுக்குள் ஊறி இறங்குகிறது. உப்புநீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே அது கீழேயுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. அந்த நீரை மொண்டு குடிக்கிறவனிடம், எந்த ஆண்டு எந்த நாளில் பெய்த மழை இது என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? மழை போய்விட்டது, தண்ணீர் இருக்கிறது. குழந்தையின் முதல் ஆண்டுகளில் பெய்கிற அன்பும் அப்படியே. தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு முதல் அலையில் கால்வைத்த நாள் மறந்துபோகும். பயந்தபோது அந்தக் கை விடவில்லை என்னும் நம்பிக்கை அடியில் ஊறி நிற்கும். பிற்காலத்தில் உலகத்தின்மேலும் மனிதர்மேலும் கடவுள்மேலும் வைக்கிற நம்பிக்கைக்கு அதுவே ஊற்று. மணலை அள்ளி விற்றுவிட்டால் கிணறு உவர்ப்பதையும் நாம் அறிவோம்.

இதுவரை சொன்னது நல்ல விடை. ஆயினும் என் மனத்துக்கு அது போதவில்லை. ஏனெனில் அது இன்னமும் கணக்குப் பார்க்கிற விடை. இன்று கொடுக்கிற மகிழ்ச்சி நாளைக்கு நல்ல குணமாய் வட்டியோடு திரும்பிவரும், ஆகவே கொடுப்போம் என்கிறது. அப்படியானால் நாளை என்று ஒன்று கிடைக்காத பிள்ளைக்கு இன்றைய மகிழ்ச்சி வீணா?

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவை நம்மில் வயது வந்தோர் மறக்கமாட்டோம். வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவு அது. மழை. இருட்டு. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் அடிமேல் அடிவைத்து நகர்ந்த சனத்திரள். அந்தத் திரளுக்குள் என் தோளில் என் மகள் இருந்தாள். அவளுக்கு அப்போது இரண்டு வயது. "சின்னன்தானே, இதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இராது" என்று பக்கத்தில் நடந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான். இன்று அவளுக்கு அதில் ஒன்றும் நினைவில்லை; நாங்கள் சொன்னதே தெரியும்.

ஆனால் வாசகர்களே, மறந்துவிடுவாள் என்று தெரிந்திருந்தும் நாங்கள் என்ன செய்தோம்? அவள் காதைப் பொத்தினோம். தலையில் மழை விழாமல் சேலைத் தலைப்பால் மூடினோம். இருட்டில் கதை சொன்னோம். நம்மைப் போலப் பிள்ளையைச் சுமந்து சென்ற தாய் தகப்பன் எல்லோரும் அன்று அதையே செய்தார்கள். "எப்படியும் மறக்கப்போகிற பயம்தானே, பயப்படட்டும்" என்று ஒருவரும் விட்டுவிடவில்லை. அந்தப் பயம் அந்த வேளையில் அவளுக்கு உண்மையான பயம். அதை நீக்குவது அந்த வேளையிலேயே எங்கள் கடமை.

மறந்துபோகிற பயம் உண்மையான பயமானால், மறந்துபோகிற மகிழ்ச்சியும் உண்மையான மகிழ்ச்சிதான். ஒன்றை ஒப்புக்கொண்டு மற்றதை மறுக்க முடியாது. துன்பம் என்றால் குழந்தையை முழு மனிதனாக எண்ணுகிறோம். இன்பம் என்றவுடன் வளரட்டும் பார்க்கலாம் என்கிறோம். இது நீதியா?

2019 ஏப்ரல் 21ஆந் திகதியையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்ட உயிர்த்த ஞாயிறு அது. இறந்தவர்களுள் சிறுவர்கள் பலர். அன்று காலை புத்தாடை உடுத்தித் தாய் தலைசீவிவிட, மகிழ்ந்து வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிள்ளைகள். அவர்கள் எதையும் வளர்ந்து நினைத்துப் பார்க்கப்போவதில்லை. அதனால் அந்தக் காலைப்பொழுதின் மகிழ்ச்சி ஒன்றுமில்லாததாகிவிடுமா? ஒரு தாயிடம் போய் அப்படிச் சொல்ல யாருக்கு நா எழும்பும்? அவர்கள் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் முழுமையான நாளாக இருந்தது. எதிர்காலத்துக்கு ஆயத்தமாக மட்டும் கடவுள் குழந்தைப் பருவத்தைத் தரவில்லை. அதுவும் வாழ்க்கையே. புனித அகுஸ்தீனிடம் மிகுந்த பணிவோடு இந்த ஓர் இடத்தில் நான் வேறுபட்டு நிற்கிறேன்.

இதை ஏற்றுக்கொண்டால் நாம் நடக்கிற விதமும் மாறவேண்டும்.

முதலாவது, மகிழ்ச்சி பிள்ளையினுடையதாய் இருக்கவேண்டும். கடற்கரையில் நாம் காண்பதென்ன? பிள்ளை நண்டுப் பொந்தின் முன்னே குந்தியிருக்கிறது. அதற்கு அது போதும். நாமோ அதைத் தூக்கி, தொப்பியைச் சரிசெய்து, கைத்தொலைபேசியை நீட்டி, "இங்கே பார், சிரி" என்று வருத்துகிறோம். பிற்காலத்து நினைவுக்காக இப்போதைய இன்பத்தைக் கெடுக்கிறோம். படம் ஒன்றிரண்டு போதும். வெய்யில் ஏறுமுன் போய்விடுங்கள், அல்லது பிற்பகல் சாய்ந்தபின் போங்கள். தண்ணீரில் ஒரு கை எப்போதும் பிள்ளைமேல் இருக்கட்டும். ஆழமில்லாத கடல் என்று அசட்டையாயிருக்க வேண்டாம். பிள்ளை களைத்தால் திரும்புங்கள், திட்டம் பிள்ளைக்காகவே.

இரண்டாவது, மறந்துவிடும் என்னும் துணிவில் நாம் செய்கிற சிறு கொடுமைகளை விட்டுவிடவேண்டும். அலைக்குப் பயந்து அழுகிற குழந்தையைச் சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் அமிழ்த்துகிறவர்கள் உண்டு. சோறு தின்னாததற்குப் பூச்சாண்டி காட்டுகிறவர்கள், களைப்பில் சிணுங்கியதற்கு அடிக்கிறவர்கள் உண்டு. கேட்டால், "சின்னன்தானே, நாளைக்கு மறந்துவிடும்" என்பார்கள். அடிபட்ட வேளையில் அது வலித்ததல்லவா?

மூன்றாவது, நம் பிள்ளையின் மகிழ்ச்சி அதனளவிலே பெறுமதியானது என்றால் அயல்வீட்டுப் பிள்ளையினதும் அப்படியே. வான் பிடிக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு நம் மடியில் இடம் இருக்கும். சோற்றுப் பார்சல் ஒன்று கூடக் கட்டுவது பெரிய காரியமல்ல.

உயிர்த்த ஆண்டவர் தம் சீடருக்குத் தோன்றிய இடங்களுள் ஒன்று கடற்கரை என்பதை யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் காண்கிறோம். இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்தவர்களுக்கு அவர் கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து வைத்திருந்தார். பேதுருவிடம் கேட்கவேண்டிய பெரிய கேள்வி அவரிடம் இருந்தது. ஆனால் அதற்குமுன் அவர்களைச் சாப்பிட அழைத்தார். கரையில் கூடியிருந்து உண்பது உயிர்ப்பின் மகிழ்ச்சிக்கு வெளியே நிற்கிற வேடிக்கையல்ல.

நாங்கள் சாட்டிக்குப் போனோம். பெரியம்மாவும் வந்தார். பேத்தி ஈர மணலை அள்ளி அள்ளி அவர் மடியில் கொட்டினாள். அவரும் தட்டிவிடாமல் இருந்தார். திரும்பும்போது அல்லைப்பிட்டியில் வழக்கம்போல வானுக்குள் பெரியவர்கள் பேச்சை நிறுத்தினோம். 2006 ஓகஸ்ட்டில், அடைக்கலம் தேடி வந்த மக்கள் எறிகணை வீச்சில் மாண்டது அங்குள்ள புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில்தான். மறக்க முடியாதவற்றைச் சுமப்பது பெரியவர்களான நம் பங்கு. அதை இறக்கிவைத்துவிட்டுத்தான் பிள்ளையோடு மகிழவேண்டும் என்பதில்லை. சுமந்தபடியே மகிழலாம். அந்த ஊமைப் பொழுதில் பேத்தி மணல் ஒட்டிய கைகளோடு தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பகல் அவளுக்கு நினைவிராது. அகுஸ்தீன் தம் குழந்தைப் பருவத்தைப் பிறர் வாயால் அறிந்ததுபோல, அவளும் நம் வாயால் அறிவாள். ஆகவே பெற்றோரே, பேரன் பேத்தி கண்டவர்களே, பிள்ளையின் மறந்துபோன நாட்களை நீங்கள் மறவாதிருங்கள். ஒருநாள் அவர்கள் கேட்பார்கள். அப்போது பயங்கரக் கதைகளோடு, "உன்னைச் சாட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்; நீ பெரியம்மா மடியில் மணலைக் கொட்டினாய்" என்று சொல்லவும் உங்களிடம் ஒரு கதை இருக்கட்டும்.