பாதுகாப்பை அறியும் அளவைகள்

விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்களுள் எது பாதுகாப்பானது என்னும் வினாவுக்குள், ஒன்று பாதுகாப்பானது என்பதை மனிதர் எவ்வாறு அறிகின்றனர் என்னும் மூத்த வினா அடங்கியுள்ளது. உண்மையை அறியும் வழிகளாகிய அளவைகளைச் சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்றாகக் கொள்கிறது. நேரே கண்டறிவது காட்சி, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல், நம்பத்தக்க சொல்லால் அறிவது உரை.

விண்டோஸின் மூலநிரல், அதாவது நிரலாளர் எழுதிய படிக்கத்தக்க கட்டளைத் தொகுதி, பொதுப்பார்வைக்குத் திறக்கப்படாததால் அதன் பயனர் பெரிதும் அதை உருவாக்கிய நிறுவனத்தின் உரையையே சார்ந்திருக்கின்றனர். லினக்ஸின் மூலநிரலோ எவரும் படிக்கத் திறந்திருப்பதால் அங்குக் காட்சிக்கு இடமுண்டு. ஆயினும் காணத் தடையில்லாதவை எல்லாம் காணப்பட்டுவிடுவதில்லை: ஓபன்எஸ்எஸ்எல் என்னும் திறந்த மறையாக்க நிரலின் 2012ஆம் ஆண்டு வெளியீட்டில் புகுந்த ஹார்ட்பிளீட் பிழை 2014 வரை வெளிப்படவில்லை. காட்சியின் எல்லையை மேலும் ஆழமாகச் சுட்டியவர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கியோருள் ஒருவரான கென் தாம்சன். மூலநிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரே கெடுக்கப்பட்டிருந்தால், நிரலை வரிவரியாகப் படித்தாலும் உள்ளிருக்கும் கள்ளவழி கண்ணில் படாது என, 1984இல் வெளியான தம் டூரிங் விருதுரையில் அவர் விளக்கினார்.

கருதலை நாடியது எஸ்இஎல்4 என்னும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. ஏறத்தாழ 8,700 வரிகள் கொண்ட அதன் சி நிரல், வகுக்கப்பட்ட விவரக்குறிப்பினின்று வழுவாது என்பது 2009இல் கணித முறையில் நிறுவப்பட்டது. ஆயினும் கம்பைலரும் வன்பொருளும் சரியாக இயங்குகின்றன என்னும் எடுகோள்களின் மேலேயே அந்நிறுவல் நின்றது. நுண்செயலிகளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல என்பதை 2018இல் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைபாடுகள் உணர்த்தின.

எனவே எந்த அளவையும் நம்பிக்கையின் தேவையை முற்றாக நீக்குவதில்லை. ஆயினும் அதனால் எல்லா நம்பிக்கையும் ஒரே தரத்தன என முடிவுகட்டுவது பெருந்தவறு. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க நிரலின் பராமரிப்பில் நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்ட ஒருவர், அதனுள் கள்ளவழியொன்றைப் புகுத்தியிருந்தது 2024இல் தெரியவந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைகையில் வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்த ஆந்திரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் நிரலாளர், நிரல் திறந்திருந்தமையால் காரணத்தைத் தாமே தேடிச்சென்று கண்டறிந்தார். அங்கே பொய்த்த உரையைக் காட்சியும் கருதலும் திருத்தின. இயங்குதளங்களை ஒப்பிடுவோர், தன்மீது வைக்கப்படும் நம்பிக்கையைச் சோதிக்க ஒவ்வொன்றும் எவ்வளவு இடந்தருகிறது என்பதையே முதற்கண் ஆராய்தல் தகும். ஏனெனில் சோதனைக்கு உட்படும் நம்பிக்கை பிழைபட்டாலும் திருந்தும், சோதனைக்கு இடங்கொடாத நம்பிக்கையோ மெய்யாக இருக்கும்போதும் அதனை அறியும் வழியை அடைத்துவிடும்.