'லேசி' என்று சொல்வதற்கு முன்

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை, எஸ்.பி.எம். டியூஷன் வகுப்புகளில் பெற்றோர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட ஆங்கிலச் சொல் 'லேசி'. "பையன் ரொம்ப லேசிங்க, படிக்கவே மாட்டேங்கிறான்." அத்தோடு தீர்ப்பு முடிந்தது. ஆனால், ஒரு பிள்ளையை ஒரே சொல்லில் அடக்குவது நியாயமா?

ஆங்கிலத்திலேயே இதற்குப் பல சொற்கள் உண்டு. கேள்வி கேட்டுத் துளைப்பவன் 'கியூரியஸ்'. விடாமல் உழைப்பவள் 'டிலிஜென்ட்'. எதிலுமே பிடிப்பு விட்டுப்போனவன் 'அபத்தெட்டிக்'. 'டிலிஜென்ட்' என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு 'நேசித்தல்' என்று பொருள். உழைப்பு நேசத்தில் பிறக்கிறது என்பதை அந்தச் சொல்லே சொல்கிறது.

நம் வள்ளுவரும் இவற்றைக் கலக்கவில்லை. கல்விக்கு 40ஆம் அதிகாரம், கேள்விக்கு 42, ஊக்கத்துக்கு 60, சோம்பலை விலக்க 61, முயற்சிக்கு 62. படிக்காதவனையும் அவர் ஒதுக்கவில்லை. கற்றவர் சொல்வதையாவது கேள் என்கிறார்.

"அப்போ சோம்பேறியைக் கண்டிக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகக் கண்டிக்கலாம். வள்ளுவரும் சோம்பலைக் கடுமையாகவே சாடுகிறார். ஆனால் "இன்னிக்கு நீ படிக்கல" என்பது நாளைக்கே மாறக்கூடிய செய்தி. "நீ லேசி" என்பது அவன் மேல் ஒட்டிக்கொள்ளும் பெயர்.

தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் இளைஞர்களே, முதலில் கேளுங்கள்: பயமா, சலிப்பா, புரியலையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.